கைப்பிரேக் இல்லாத சைக்கிள்

என் தங்கை மாரித்தாயின் புருஷன் இசக்கியப்பனுக்கு எதைக் கண்டாலும் எண்ணெய் தேய்க்கத் தோன்றும். கதவுக் கீல், கலப்பைப் பிடி, வாசலில் படுத்திருக்கும் நாய், எதையும் விட்டுவைக்க மாட்டான். நான் என் மாட்டு வண்டியின் அச்சுக்கு மை போடுகிற நாளில் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, வலப்பக்கத்து மாட்டுக்குத் திமிலில் ஒரு பிடி பிடித்து விடட்டுமா என்று கேட்பான். வேண்டாம் என்றால் முகம் வாடிப்போகும்.

தொழிலே அதுதான். ஆனி பிறந்து மேற்கு மலையில் மஞ்சு இறங்கிவிட்டால் இலத்தூரிலிருந்து ஒரு துணி மூட்டையோடு குற்றாலம் போவான். ஆவணி முடிந்துதான் வீடு திரும்புவான். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மற்றவர்கள் கை சும்மா இருக்கும். மதுரை வக்கீலும் காரைக்குடிச் செட்டியாரும் கோவணத்தோடு சாரலில் நடுங்கிக்கொண்டு இவன் கைக்காகக் காத்திருப்பார்கள். ஒருத்தரைப் புகழ்வதென்றால் எனக்கு வேப்பெண்ணெய் குடிப்பது மாதிரி. இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும், அந்தக் கைக்கு ஈடு நான் பார்த்ததில்லை. எங்கே வலி என்று அவன் கேட்க மாட்டான். முதுகில் கையை வைத்து ஒரு தரம் ஓடவிடுவான். வலி இருக்கிற இடத்தில் கை தானாக நிற்கும். சாரல் காலத்துச் சம்பாத்தியத்தில்தான் அவன் வீட்டில் வருஷம் முழுவதும் அடுப்பு எரியும்.

அந்த வருஷம் தை மாதம் மாரித்தாய்க்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் போகும்போது இரண்டு காலையும் கொண்டுபோய்விட்டது. இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. ஆய்க்குடி வைத்தியர் வந்து பார்த்தார். தைலம் ஒன்று காய்ச்சிக் கொடுத்து, சூரியன் உதிக்கும்போது ஒரு தரமும் அடையும்போது ஒரு தரமும் நாள் தவறாமல் தேய்த்து வந்தால் உணர்ச்சி திரும்பினாலும் திரும்பலாம், இடையில் விட்டால் தைலம்தான் செலவு என்று சொன்னார். சாரல் காற்று காலில் படவே கூடாது என்றும் கண்டித்துச் சொன்னார். என் பெண்சாதி ஒரு நாள் தேய்த்துப் பார்த்தாள். மாரித்தாய்க்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

இசக்கியப்பன்தான் தேய்த்தான். விடியுமுன் எழுந்து தைலத்தைச் சூடாக்கி, அவள் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, விரல் விரலாக உருவி விடுவான். அவளைத் தூக்கி உட்கார வைத்துத் தலைகூடப் பின்னி விட்டான். ஊரில் சிலபேர் சிரித்தார்கள். அவர்களை நான் என் நாக்கால் கவனித்துக்கொண்டேன். மாரித்தாய் அவன் தேய்க்கும்போதெல்லாம் அவன் தோளையே பார்த்துக்கொண்டிருப்பாள். "ஒங்க தோளு அசையுதத வச்சுத்தான் தேய்க்கியன்னு தெரியுது" என்று ஒரு நாள் சொன்னாள். அவன் இன்னும் கொஞ்சம் தைலத்தைக் கையில் ஊற்றிக்கொண்டான்.

வைகாசி முடியும்போது சிக்கல் வாசலில் வந்து நின்றது. சாரலுக்குப் போகாவிட்டால் வருஷம் பூராவும் பட்டினி. போய்த் தங்கினால் அவள் கால் போச்சு. இலத்தூரிலிருந்து தென்காசி வழியாகக் குற்றாலம் ஏழு மைலுக்குக் குறையாது. காலையில் அவளுக்குத் தேய்த்துவிட்டு நடந்து போய், நாள் முழுவதும் ஊரான் முதுகோடு மல்லுக்கட்டி, வெயில் தாழுமுன் மறுபடி நடந்து திரும்ப மனுஷனால் ஆகாது. பஸ்காரன் ஆள் நிறைந்தால்தான் கிளம்புவான். என் மாடுகளோ எந்த நல்லது கெட்டதுக்கும் அவசரப்பட்டதில்லை. சைக்கிள் ஒன்று வாங்கிவிட்டால் என்ன என்று அவனே கேட்டான்.

அதுவரை அவன் சைக்கிளைத் தொட்டதுகூடக் கிடையாது. குளத்துக் கரையில் வாடகைச் சைக்கிளை வைத்துப் பழகினான். இடது பக்கம் விழுந்தான், வலது பக்கம் விழுந்தான், ஒரு தரம் குளத்துக்குள்ளேயே விழுந்தான். விழுந்து எழுந்ததும் முழங்காலைப் பார்க்க மாட்டான், முழங்கையைப் பார்க்க மாட்டான். இரண்டு கையையும் விரித்து மூடிப் பார்ப்பான். கை சரியாக இருந்தால் அடுத்த நிமிஷம் ஏறிவிடுவான்.

வண்டியைத் தேர்ந்தெடுக்க என்னைத்தான் கூட்டிக்கொண்டு போனான். எங்கள் பக்கத்தில் மாடு பிடிக்கப் போகிறவன் எவனும் என்னைக் கூப்பிடாமல் போக மாட்டான். சுழி பார்த்து, பல் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து நான் தலையை ஆட்டினால்தான் விலை பேசத் துண்டுக்கடியில் கை போகும். மாடு பார்க்கத் தெரிந்தவனுக்குச் சைக்கிள் பார்ப்பது ஒரு வித்தையா என்ற தெம்பில் நானும் போனேன்.

தென்காசியில் மொட்டைக் கோபுரத்துக்கு எதிர்த்த தெருவில் துல்கர்னைன் ராவுத்தர் கடை. வாடகைக்கும் விடுவார், விற்கவும் செய்வார். பேச்சு குறைவு, பீடி அதிகம். கடையில் அன்று விற்பதற்கென்று இருந்தது மூன்று வண்டி. முதலாவது சீமைச் சைக்கிள். பச்சை உடம்பில் தங்கக் கோடு போட்டு மாப்பிள்ளை மாதிரி நின்றது. விலையைக் கேட்டதும் நாங்கள் இருவரும் அதன் மேலிருந்து மரியாதையாகக் கையை எடுத்துக்கொண்டோம். இரண்டாவது ஜப்பான் சைக்கிள். எடை குறைவு, கைப்பிடி பளபளப்பு, மணிச் சத்தம் அருமை, விலையும் எங்கள் மடியில் இருந்ததற்குள் அடங்கியது.

மூன்றாவது, பின்சுவரில் சாய்ந்து கிடந்த ஒரு கறுப்பு முரடு. அதன் மேல் பழைய டயர்களை மாட்டி வைத்திருந்தார்கள். தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனதாம். கைப்பிடியில் பிரேக்கே இல்லை. பெடலைப் பின்னுக்கு மிதித்தால் நிற்கும் என்றார் ராவுத்தர். மற்ற வண்டி ஓட்டிப் பழகினவர்கள் இறக்கத்தில் சும்மா பெடலைப் பின்னால் சுற்றுவார்களே, அந்தப் பழக்கத்தில் இதையும் சுற்றப் போய், வண்டி நின்று ஆள் மட்டும் முன்னால் போய் விழுந்திருக்கிறார்கள். அதிலிருந்து வாடகைக்குக்கூட யாரும் எடுப்பதில்லையாம்.

இசக்கியப்பன் டயர்களை ஒதுக்கிவிட்டு அந்தக் கறுப்பு வண்டியின் சீட்டில் கையை வைத்தான். கை மெல்லப் பின்னால் இறங்கி, பின்சக்கரத்தின் நடுக்குடத்தில் போய் நின்றது. பிரேக் அதற்குள்ளேதான் இருக்கிறது என்று ராவுத்தர் பீடியை எடுக்காமலே சொன்னார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மூக்கணாங்கயிறு இல்லாத மாட்ட எவன்வே பிடிப்பான்? பேசாம வாரும் மாப்ளே" என்று அவன் தோளைப் பிடித்து இழுத்து ஜப்பான் வண்டிப் பக்கம் திருப்பினேன். மச்சான் சொல்லை அவன் தட்ட மாட்டான். மணியை அடித்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தோம்.

ஜப்பான் வண்டியைக் குறை சொல்ல நான் இன்றுவரை யாரையும் விட்டதில்லை. அது பாவம், என்ன செய்யும்? ஆனி முதல் தேதிக்கு முந்தின சாயங்காலம், நாளெல்லாம் ஓடப் போகிற உடம்பு என்று சொல்லி, இசக்கியப்பன் அதை முற்றத்தில் நிறுத்தி நல்லெண்ணெய் தேய்த்திருக்கிறான். செயினுக்கு விட்டதோடு நிறுத்தியிருந்தால் புண்ணியம். கம்பி கம்பியாக உருவி, ரிம்மை வளைத்து வளைத்துத் தடவி, பிரேக்கின் ரப்பர் கட்டை இறுகிப்போய்க் கிடக்கிறது என்று அதையும் ஊறப் போட்டு நீவி விட்டிருக்கிறான். உலகத்தில் வேறு எந்தத் தொழில்காரனும் இந்தக் காரியம் செய்திருக்க மாட்டான்.

மறுநாள் காலையில் போகும்போது ஒன்றும் தெரியவில்லை. குற்றாலம் மேட்டுப் பாதை. மேட்டில் பிரேக்குக்கு என்ன வேலை? திரும்பும்போதுதான் வினை. இறக்கம், பொடிச் சாரல், நாள் முழுவதும் எண்ணெயில் ஊறிய கை. திருப்பத்தில் ஒரு எருமைக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. பிரேக்கைப் பிடித்தால் கை வழுக்குகிறது. கை பிடித்தால் கட்டை வழுக்குகிறது. எருமையா நாற்றங்காலா என்று பார்த்திருக்கிறான். நாற்றங்காலில் இறங்கிவிட்டான்.

குற்றாலத்தில் பலாப்பழ லோடு இறக்கிவிட்டுப் பின்னால் வந்துகொண்டிருந்த நான் கண்டது, இடுப்பளவு சேற்றில் உட்கார்ந்திருந்த என் மாப்பிள்ளையை. கையை விரித்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தான். இடது கை மூடியது. வலது கை மூடவில்லை. மணிக்கட்டு வீங்கி உருண்டிருந்தது. அந்தக் கைதான் அவர்கள் வீட்டுச் சோறு, அந்தக் கைதான் மாரித்தாயின் கால்.

சைக்கிளை வண்டியில் ஏற்றி, அவனையும் ஏற்றி, மாடுகளை வாழ்நாளில் முதல் தடவையாக விரட்டினேன். தென்காசிக் கடைத்தெருவில் மாட்டு வண்டி மேல் சைக்கிள் போவதைப் பார்த்து ஆள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் எவனுக்கும் பதில் சொல்லவில்லை. அதிலேயே என் கவலை எவ்வளவு என்று தெரிந்துகொள்ளலாம். "மச்சான், அவகிட்ட சொல்லிராதிய. பயந்துருவா" என்று அவன் வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தான்.

வெயில் அடையுமுன் வீடு வந்துவிட்டோம். அவன் கை காலைக் கழுவிக்கொண்டு தைலத்தைச் சூடாக்கினான். காற்று வருகிறது என்று ஒரு பொய்யைச் சொல்லி மாரித்தாயைச் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுக்கச் சொன்னான். வீங்கின கையை முதுகுப் பக்கம் மறைத்துக்கொண்டு, இடது கையால் அவள் காலைத் தேய்க்க ஆரம்பித்தான். நான் வாசலில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டு, உள்ளே பார்த்தும் பார்க்காமலும் நின்றேன்.

பிறகு மாரித்தாய் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இன்னைக்கு என்ன, எடக்கையால தேய்க்கிய?"

என் கையில் இருந்த வைக்கோல் அப்படியே நின்றது. அவன் தோள் அவளுக்குத் தெரியாது. கை தெரியாது. சுவர்தான் தெரியும். கிள்ளினாலும் சுட்டாலும் தெரியாத காலில் அவள் இடது கையையும் வலது கையையும் பிரித்துச் சொல்கிறாள்.

அவன் அவள் கால் பெருவிரலைப் பிடித்து, இது என்ன என்று கேட்டான். பெருவிரல் என்றாள். கெண்டைச் சதையை அழுத்தினான். அதற்குப் பதில் இல்லை. பாதத்தைத் தடவினான். ஏதோ பூச்சி ஊருகிற மாதிரி இருக்கிறது என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே புரிந்தது போலிருக்கிறது. திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள்; அவன் அந்த வீங்கின கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். நானும் அழுதேன். மாடுகள் மட்டும் வைக்கோலைக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தன.

அன்று இரவுக்குள் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. சைக்கிளைக் கொண்டுபோய்க் குளத்தில் போடச் சொல்லுவாள் என்று நினைத்தேன். அவள் என்னைக் கூப்பிட்டு, வழுக்காத சைக்கிள் ஒன்று கிடைக்காதா என்றுதான் கேட்டாள். இனி ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நேற்றுவரை வைத்தியர் சொன்ன வார்த்தை. இன்றைக்குக் காலே சொல்லிவிட்டது.

வீக்கம் வடியும்வரை அவன் அருவிக்குப் போகவில்லை. ஆனால் இடது கையால் இரண்டு வேளையும் தேய்த்தான். பிறகு ஜப்பான் வண்டியைத் தள்ளிக்கொண்டு ராவுத்தர் கடைக்குப் போனோம். அவர் ரிம்மைத் தொட்டு விரலை மோந்து பார்த்தார். பீடியை வாயிலிருந்து எடுத்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. எண்ணெயைத் துடைத்து ரப்பர் கட்டையை மாற்றித் தருகிறேன், புது வண்டியாக ஓடும் என்றார்.

இசக்கியப்பன் ஒத்துக்கொள்ளவில்லை. வண்டியைத் துடைத்துவிடலாம், என் கையை எப்படித் துடைப்பது என்று கேட்டான். சாயங்காலம் அவன் கை எந்தக் கையாக இருந்தாலும் எண்ணெய்க் கை. சாரலில் ரிம் எந்த ரிம்மாக இருந்தாலும் ஈர ரிம். சொல்லிவிட்டுப் பின்சுவருக்குப் போய்க் கறுப்பு வண்டியின் மேலிருந்த டயர்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தான். மூக்கணாங்கயிறு பற்றி நான் மறுபடி ஒன்று சொன்னேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"ஒங்க மாட்டுக்கு மூக்குல கயிறு, மச்சான். இதுக்கு இடுப்புல கயிறு. கையி சும்மா இருந்தாலும் காலு பிடிச்சுக்கிடும்."

ராவுத்தரிடம் எண்ணெய் வாங்கி முழங்கைவரை பூசிக்கொண்டு ஏறினான். கோயில் தெரு இறக்கத்தில் விட்டான். கோபுர வாசல் காற்று அவன் வேட்டியைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது, தேரடிக்கு முன்னால் வண்டி நின்றிருந்தது. அதன் மேல் அவன் இரண்டு கையையும் ஆகாயத்தில் தூக்கிக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த இடத்திலேயே எனக்கு அந்த முரட்டு வண்டி மேல் மரியாதை வந்துவிட்டது. ஜப்பான் வண்டியை வைத்துக்கொண்டு ராவுத்தர் கறுப்பு வண்டியைக் கொடுத்தார். அவருக்கும் சுவரில் இடம் ஒழிந்த சந்தோஷம்.

கனமான வண்டி. குற்றாலம் மேட்டில் அதை மிதிப்பது செக்கு இழுப்பதற்குச் சமம். முதல் நாட்களில் அருவிக்கரை போய்ச் சேரும்போதே அவனுக்குத் தொடை நடுங்குமாம்; அந்தத் தொடையோடு உட்கார்ந்துதான் ஊரார் முதுகைத் தேய்ப்பான். கைப்பிடியில் தேங்காய் நார்க்கயிற்றைச் சுற்றிக்கொண்டான். சாரல் அடித்தாலும் புயல் அடித்தாலும், சூரியன் அடைவதற்குள் இலத்தூர் திருப்பத்தில் அந்தக் கறுப்பு வண்டி தெரியும். காரைக்குடிச் செட்டியார் ஒருவர் இன்னும் ஒருத்தருக்குத் தேய்த்துவிட்டுப் போகச் சொல்லி இரட்டைக் கூலி தருகிறேன் என்றாராம். தன் வீட்டில் ஒரு ஆள் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டு ஏறி வந்துவிட்டான். ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் ஒரு வேளை தவறவில்லை. மனுஷனில் இப்படியும் உண்டா என்று நான் தனியாக வண்டியில் போகும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொள்வேன். அவன் காதில் விழும்படி சொன்னதில்லை.

ஐப்பசி பிறந்தபோது மாரித்தாய் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். நின்றாளே தவிர அடி எடுத்து வைக்கப் பயம். கம்பு கொடுத்துப் பார்த்தோம். கம்பு ஒரு பக்கம்தான் தாங்கும், மறு பக்கம் சாய்ந்தாள். அப்போதுதான் இசக்கியப்பன் சைக்கிளை முற்றத்துக்குக் கொண்டுவந்தான்.

வண்டிக்குப் பக்கவாட்டில் நின்று கைப்பிடியின் இரண்டு பக்கத்தையும் அவள் பிடித்துக்கொள்வாள். அவன் அவளுக்குப் பின்னால் நின்று, பின்னால் இருக்கும் பெடலை ஒரு காலால் அழுத்திக்கொள்வான். வண்டி முன்னே போகாமல் கல் மாதிரி நிற்கும். அவனுக்கு இரண்டு கையும் ஒழிவு. அந்த இரண்டு கையும் அவள் இடுப்பைப் பிடித்திருக்கும். அவள் தயாரானதும் காலை லேசாகத் தளர்த்துவான், வண்டி ஒரு சாண் நகரும், அவள் ஓர் அடி வைப்பாள், மறுபடி அழுத்துவான். கைப்பிரேக் வைத்த வண்டியாக இருந்தால் அவன் பிரேக்கைப் பிடிப்பானா, பெண்டாட்டியைப் பிடிப்பானா? அன்றைக்குச் சீமைச் சைக்கிளை யாராவது சும்மா கொடுத்திருந்தால்கூட நான் வேண்டாம் என்றிருப்பேன்.

முற்றத்திலேயே பல நாள் பழகினார்கள். கார்த்திகையில் ஒரு காலை, தெருவுக்கு வர வேண்டும் என்றாள். நான் மாட்டு வண்டியை ஓரம் கட்டிவிட்டு நின்றேன். வாசலைத் தாண்டினார்கள். தெருவே பார்த்தது. பொம்பளைக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுக்கிறானா என்று ஒருவன் கேட்டான். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் வீட்டுக்குள் போய்விட்டான்.

பால்காரர் வீட்டுக்கு முன்னால் அவள் நின்றாள். பெடலில் அவன் கால், இடுப்பில் அவன் இரண்டு கை. அவளுக்கு மூச்சு வாங்கியது, முகமெல்லாம் வேர்வை. களைத்துவிட்டாள், தூக்கிக்கொண்டு வர வேண்டியதுதான் என்று நானும் நினைத்தேன், அவனும் நினைத்திருப்பான். அவள் அவனைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"கைய எடுங்க."

அவன் என்னைப் பார்த்தான். மெல்ல ஒரு கையை எடுத்தான், அப்புறம் மறு கையையும் எடுத்தான். அவள் நின்றாள்.

"காலையும் எடுங்க" என்றாள்.

எடுத்தான். கறுப்பு வண்டி தானாக நகர்ந்தது, அவள் அதன் கூடவே நடந்தாள். மதுரையும் காரைக்குடியும் காத்துக் கிடந்த அந்தக் கை இரண்டையும் என்ன செய்வதென்று தெரியாமல், வெறுமனே தொங்கவிட்டுக்கொண்டு, இசக்கியப்பன் அவள் பின்னால் போனான்.